பிள்ளைகளின் பங்கு



கணவனும் மனைவியும் மனம் ஒவ்வாது பிரிவது எக்காலத்திலும் துயரமான செய்தியே. அத்துயரத்தின் காரணங்களை ஆராய்வது இன்று நம் நோக்கமன்று. பிரிவு நேர்ந்துவிட்ட பின்னர், அவ்விருவருக்கும் பிறந்த குழந்தையின் சோற்றுக்கும் துணிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் பொறுப்பு யாருடையது, அதை எவ்வாறு கேட்டுப் பெறுவது, எவ்வாறு முறையாகச் செலுத்துவது என்ற இவ்வொன்றையே பேச எடுத்துக்கொண்டோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இப்பொருளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டிய காரணம் உண்டு. சொந்த ஊரில் ஒரு குடும்பத்தில் பிளவு ஏற்படின், தாய்மாமன் வருவார், பெரியப்பா வருவார், ஊர்ப் பெரியவர் நால்வர் கூடி உட்காருவர். அவர்கள் செய்யும் ஏற்பாடு நியாயமோ அன்றோ, குழந்தை ஒரு வேளை பாட்டி வீட்டிலும் மறுவேளை அத்தை வீட்டிலும் உண்டு எப்படியோ வளர்ந்துவிடும். மாதுங்காவிலும், கரோல்பாக்கிலும், அல்சூரிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழும் குடும்பத்துக்கு அந்த ஆதரவு கிடையாது. மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வாடகை கேட்பார். பத்தாம் தேதிக்குள் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். பேசித் தீர்க்க உறவினர் அருகில் இல்லை. நீதிமன்றத்தின் மொழியோ நம் மொழியன்று. இந்நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டிருப்பது தாய்க்கும் நன்று, தந்தைக்கும் நன்று.

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர். ஆதலின், சொல்லிலிருந்தே தொடங்குவது நமக்கு எளிது. தமிழில் இத்தொகையை ஜீவனாம்சம் என்று வழங்குகிறோம். ஜீவன் என்பது உயிர்வாழ்வு. அம்சம் என்பது பங்கு. கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல்லே வழங்குகிறது. தெலுங்கில் மனோவர்த்தி என்பர். மராத்தியில் போட்கி என்பர்; வயிற்றைக் குறிக்கும் போட் என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. வங்காளியில் கோர்போஷ், உணவும் உடையும் என்பது அதன் பொருள். இந்தியில் சட்டச் சொல் பரண்-போஷண். பேச்சு வழக்கில் குஜாரா. உங்கள் வீட்டுக்கு வரும் நீதிமன்ற அழைப்பாணையில் இச்சொற்களுள் ஒன்று காணப்படின், பொருள் விளங்காமல் அதை மேஜையறைக்குள் வைத்துவிடக் கூடாது. அது ஜீவனாம்ச வழக்கு என்று அறிந்துகொள்ளல் வேண்டும்.

இத்தனை மொழிச் சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இவற்றுள் எதற்கும் தண்டம் என்ற பொருள் இல்லை. தர்மம் என்ற பொருளும் இல்லை. வயிறு, உணவு, உடை, வாழ்வு, பங்கு என்பனவே இவற்றின் பொருள்கள். தந்தை கொடுப்பது மனைவிக்குச் செலுத்தும் அபராதமும் அன்று. குழந்தைக்கு இடும் பிச்சையும் அன்று. குழந்தைக்கு உரிய பங்கை அதனிடம் சேர்ப்பிக்கிறார், அவ்வளவே.

ஜீவனாம்சம் என்றதும் அது மனைவிக்கு உரியது என்ற எண்ணமே நம்மவரிடம் பரவியிருக்கிறது. சட்டத்தில் மனைவியின் உரிமை ஒன்று. பிள்ளையின் உரிமை வேறொன்று. தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுத்தாள், அல்லது ஒழுக்கம் தவறி வாழ்கிறாள் என்று நிரூபிக்கப்பட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்கப்படலாம். அத்தடை பிள்ளையைச் சாராது. தாயின் மீது சாட்டப்படும் குற்றம் எதுவாயினும், அதைக் காட்டிப் பிள்ளையின் சோற்றை நிறுத்தத் தந்தைக்கு உரிமையில்லை.

இதனின்றும் பிறக்கும் இன்னொரு விளைவும் உண்டு. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துப் பெறும்போது, எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற சலிப்பில், 'எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்' என்று தாய் எழுதிக்கொடுத்துவிடுவதைக் காண்கிறோம். தமக்குரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு உரிமை இருக்கலாம். பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க அவருக்கு ஏது உரிமை? பெற்றோர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையால் பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை அற்றுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாக்கியுள்ளது. அத்தகைய பத்திரம் கையெழுத்தான பின்னரும் பிள்ளையின் பெயரால் வழக்குத் தொடரலாம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். வயது முதிர்ந்த நேயர்கள் சிலருக்கு '488' என்ற எண் நினைவிருக்கும். 1898-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-வது பிரிவே ஜீவனாம்சப் பிரிவு. 1973-ம் ஆண்டுச் சட்டத்தில் அது 125-வது பிரிவாயிற்று. 2024-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் 2023-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்து வருகிறது. அதில் 144 முதல் 147 வரையிலான பிரிவுகள் இப்பொருளைப் பற்றியவை. எண் மாறினும் உட்பொருள் மாறவில்லை. போதிய வசதி படைத்த ஒருவர், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிள்ளையைப் பேணாது புறக்கணித்தாலோ, பேண மறுத்தாலோ, மாதந்தோறும் ஒரு தொகை அளிக்குமாறு நடுவர் அவருக்கு ஆணையிடலாம். பெற்றோர் முறைப்படி மணம் புரிந்தவரா இல்லையா என்ற கேள்வி இங்கே குறுக்கிடுவதில்லை. மணவுறவில் பிறந்த பிள்ளைக்கும், மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் ஒரே உரிமை.

1973-ம் ஆண்டுச் சட்டம் ஓர் உச்ச வரம்பு வைத்திருந்தது. எவ்வளவு வருவாய் உடையவராயினும், மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்குமாறு நடுவர் ஆணையிட முடியாது. விலைவாசி எவ்வளவோ ஏறிய பின்னரும் அவ்வரம்பு அப்படியே இருந்தது. 2001-ம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிற்று. அதே திருத்தம், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் அளிக்கவும் வழி செய்தது. எதிர்தரப்பினருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து, கூடியவரையில் 60 நாட்களுக்குள் அந்த இடைக்கால மனு முடிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. இது சிறிய செய்தியன்று. பெற்றோரின் வழக்கு ஐந்தாண்டு நடக்கலாம்; குழந்தையின் ஐந்தாம் வகுப்பு ஐந்தாண்டு காத்திராது.

இப்பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. இதனோடு அவரவர்க்குரிய தனிச் சட்டங்களும் உள. இந்துக்களுக்கு 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் வகை செய்யப்பட்டுள்ளது. பதிவுத் திருமணம் செய்துகொண்டோர்க்கு 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. முஸ்லிம் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு காலத்தில் ஐயம் நிலவியது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களைப் பற்றி 1986-ல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் வரை மட்டுமே முன்னாள் கணவர் பொருள் தரக் கடமைப்பட்டவர் என்று கூறுவதாகச் சிலர் வாதித்தனர். 1997-ல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பொதுச் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைகளுக்குள்ள உரிமை குறைவுபடாது நிற்கிறது என்று தீர்ப்பளித்தது.

தந்தையைப் பற்றியே பேசி வருகிறோம். தாய்க்குக் கடமை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956-ம் ஆண்டுச் சட்டம், பிள்ளை தன் தந்தையிடமோ தாயிடமோ ஜீவனாம்சம் கோரலாம் என்றே கூறுகிறது. தாயும் தந்தையும் இருவருமே ஊதியம் பெற்றுவந்த ஒரு வழக்கில், 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவரவர் வருவாயின் விகிதப்படி பிள்ளைகளின் செலவைப் பகிர்ந்துகொள்ளுமாறு கூறியது. இன்று நம் பெண்கள் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் நல்ல உத்தியோகங்களில் இருக்கின்றனர். அவர்களுக்கும் இந்த நீதி பொருந்தும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். தந்தையின் மாத வருவாய் 60,000 ரூபாய். தாயின் வருவாய் 30,000 ரூபாய். குழந்தையின் உணவு, உடை, இருப்பிடத்தில் அதன் பங்கு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு மாதம் 15,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். வருவாய் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால், தந்தை 10,000 ரூபாயும் தாய் 5,000 ரூபாயும் ஏற்க வேண்டியதாகும். எல்லா வழக்கிலும் நீதிமன்றம் இவ்வளவு நேர்கோடாகக் கணக்கிடும் என்பதில்லை. குழந்தையை நாள்தோறும் குளிப்பாட்டி, உணவூட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்க்கிறவரின் உழைப்புக்கும் விலை உண்டு. அவ்வுழைப்பு எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அதையும் நினைவில் இருத்தியே தொகை முடிவாக வேண்டும்.

தொகையை முடிவு செய்வதில் நெடுங்காலம் இருந்துவந்த பெரிய இடையூறு, உண்மை வருவாய் வெளிப்படாமையே. மணவாழ்வு நடந்தவரையில் தம் சம்பளத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர், நீதிமன்றப் படி ஏறியதும் ஏழையாகிவிடுவார். மறுபுறம், தாம் ஈட்டும் வருவாயைச் சொல்லாமல் மறைக்கும் மனைவியரும் உண்டு. 2020-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முறை வகுத்தது. இரு தரப்பினரும் தத்தம் வருவாய், சொத்து, கடன், செலவு ஆகியவற்றை வகுக்கப்பட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேளாண்மை வருவாய் உடையோர்க்குத் தனிப் படிவம் உண்டு. பொய் எழுதியவர் மீது நடவடிக்கை எடுக்க இடமுண்டு. ஜீவனாம்சம், தீர்ப்பு வந்த நாளிலிருந்து அன்று, மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் முக்கியமான பகுதி. வழக்கை இழுத்தடித்தால் இலாபம் என்ற எண்ணத்துக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று.

அதே தீர்ப்பு, பிள்ளையின் செலவில் அடங்குவன எவை என்பதையும் கூறுகிறது. உணவு, உடை, உறையுள், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு, கல்விக்குத் துணையாகும் தனிப் பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவற்றையும் நியாயமான அளவில் சேர்க்கலாம். கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும். தாயும் போதிய வருவாய் உடையவரானால் விகிதப்படி பகிரலாம்.

அடுத்து, பிற மாநிலத் தமிழர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய கேள்வி: வழக்கை எங்கே தொடுப்பது? தில்லியில் அரசு அலுவலகம் ஒன்றில் பணி செய்பவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் மனைவி பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் தம் தந்தையார் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மையார் ஜீவனாம்சத்துக்காகத் தில்லிக்கு இரயிலேற வேண்டுமா? வேண்டியதில்லை. கணவர் இருக்கும் மாவட்டத்திலும், கணவரோ மனைவியோ வசிக்கும் மாவட்டத்திலும், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டத்திலும் மனுச் செய்யலாம் என்று 145-வது பிரிவு இடம் தருகிறது. ஆகவே, திருநெல்வேலியிலேயே, தம் மொழியிலேயே அவர் தம் குறையைச் சொல்லலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்திலும் மனுவைக் கொடுக்கலாம். கொடுமைக்கு உள்ளாகி வீட்டை விட்டு வந்தவரானால், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் மனுச் செய்து பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பணவுதவி கோரலாம்.

தில்லியில் உள்ள தந்தையும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். தொலைவைக் காரணமாகக் காட்டி அவர் அழைப்பாணையை ஏற்காது ஒதுங்கியிருந்தால், அவர் இல்லாமலே விசாரணை நடந்து ஆணை பிறந்துவிடும். தக்க காரணம் காட்டி மூன்று மாதங்களுக்குள் மனுச் செய்தால் அந்த ஆணையை நீக்கக் கோரலாம். அதைவிட, முதல் வாய்தாவிலேயே வழக்கறிஞர் வாயிலாகவேனும் தோன்றி, தம் வருவாயையும் கடனையும் உண்மையாக எடுத்துரைப்பதே அறிவுடைமை.

ஆணை பெறுவது பாதி வேலை. பணம் பெறுவது மறு பாதி. திருநெல்வேலியில் பிறந்த ஆணை தில்லியில் செல்லுமா? செல்லும். ஆணைக்கு உட்பட்டவர் இந்தியாவில் எங்கே இருக்கிறாரோ, அங்குள்ள நடுவர் அதை நிறைவேற்றலாம். பாக்கியை வசூலிக்க வாரண்டுப் பிறப்பிக்கலாம். அதன் பிறகும் தொகை செலுத்தப்படாவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். சிறை சென்று வந்தால் கடன் தீர்ந்தது என்று கருதுவோர் உளர். சிறைவாசம் பணம் கட்டச் செய்வதற்கான நெருக்குதலேயன்றிக் கடனுக்கு ஈடு ஆகாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால், தாய்மார் ஒரு காலக் கெடுவை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு மாதத்துத் தொகை நிலுவையானால், அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். 'எப்படியும் கொடுத்துவிடுவார்' என்று இரண்டாண்டு, மூன்றாண்டு காத்திருந்தால் பழைய மாதங்களுக்கு வாரண்டுப் பெற இயலாமற் போகும்.

சம்பளக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கடன்களுக்காகச் சம்பளத்தைப் பற்றுகை செய்வதில் சட்டம் பல பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு அப்பாதுகாப்புக் குறைவு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி, அதில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விலக்குப் பெறும். மத்திய அரசு ஊழியராயின் வேறொன்றும் உண்டு. குடும்பத்தைப் புறக்கணித்து விடுவது அரசு ஊழியருக்குத் தகாத நடத்தையாகக் கருதப்பட்டுத் துறை நடவடிக்கைக்கு இடம் தரலாம். மேலும், மத்திய அரசு தன் ஊழியர்களின் பிள்ளைகள் இருவருக்குக் கல்விப்படி வழங்குகிறது. பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்படியைப் பெறுபவர், அதைப் பிள்ளைக்கே சேர்ப்பிக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எல்லாத் தந்தையரும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் என்று நாம் கூறவில்லை. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க இயலாதவர் பலர். பம்பாயில் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டிருக்கலாம்; கட்டட வேலையில் கீழே விழுந்து கால் முறிந்திருக்கலாம்; முதிய பெற்றோரைக் காக்கும் சுமையும் தலைமேல் இருக்கலாம். அத்தகையோர் செய்யத்தகாதது ஒன்று உண்டு: சொல்லாமல் கொள்ளாமல் பணத்தை நிறுத்திவிடுவது. நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கவோ கூட்டவோ 146-வது பிரிவு வழி செய்கிறது. அதன்படி உடனே மனுச் செய்ய வேண்டும். பாக்கி ஏறி நின்ற பிறகு சொல்லும் காரணத்துக்கு வலுக் குறைவு. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கின் வாயிலாகவே செலுத்துவதும், சீட்டுகளைப் பாதுகாத்து வைப்பதும் இரு தரப்புக்கும் நன்மை தரும். பின்னர், 'கொடுத்தேன்', 'வாங்கவில்லை' என்ற வழக்குக்கு இடமிராது.

தந்தையர் கூறும் மற்றொரு குறை உண்டு. 'பிள்ளையைக் கண்ணால் பார்க்க விடவில்லை. நான் ஏன் பணம் தர வேண்டும்?' என்கின்றனர். அவர்களது மனவேதனை மெய்யானதே. தில்லியிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்து, கதவடைத்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தந்தையின் துயரத்தை யார் மறுக்க முடியும்? ஆனால், பார்க்கும் உரிமை வேறு. பேணும் கடமை வேறு. பார்க்க விடாத தாய்க்கு எதிராகக் குடும்ப நீதிமன்றத்தில் தனியே மனுச் செய்து, விடுமுறை நாட்களில் பிள்ளையைச் சந்திக்கும் ஆணையைப் பெறலாம். பணத்தை நிறுத்தினால் தண்டனை பெறுவது தாயல்ல, பிள்ளை. அவ்வாறே, பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தந்தையின் கண்ணில் காட்டாது வைப்பதும் தாய் செய்யத்தகாத செயல். பிள்ளைக்குத் தந்தையின் பணமும் வேண்டும், தந்தையும் வேண்டும்.

இடையில் ஊர் மாறும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கூற வேண்டும். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று கூறி, ஓராண்டுப் படிப்பு வீணாவதுண்டு. தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று சில பள்ளிகள் திருப்பி அனுப்புவதும் உண்டு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, மாற்றுச் சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. இதைத் தலைமையாசிரியரிடம் பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொல்லலாம்.

வழக்குக்குப் பணம் வேண்டாமா என்று அஞ்சுவோர் பலர். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் தங்கள் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். நாட்டின் எந்த மாநிலத்திலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்குரிய அலுவலகத்தைக் காணலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டும் வழி அறியலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நேரில் நின்று பேசவும் இடமுண்டு.

இக்கடமை எத்தனை வயதுவரை என்பதை இறுதியாகப் பார்ப்போம். குற்றவியல் நடைமுறையின்படி, பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது நிறையும் வரை. உடற்குறையாலோ மனக்குறையாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதன் பின்னரும் உரிமை உண்டு. இந்துக்களின் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத மகள் தன் வருவாயாலோ சொத்தாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவளாயின், 18 வயதுக்குப் பிறகும் தந்தையிடம் கோரலாம். 2020-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இவ்வேற்றுமையை எடுத்துக் காட்டியது. ஆனால், உடல்நலமுள்ள மகனுக்கு 18 வயதில் நடுவரின் ஆணை நின்றுவிடுகிறது. அந்த வயதில்தான் அவன் கல்லூரியில் காலெடுத்து வைக்கிறான். செலவு மிகுவதும் அப்பொழுதுதான். ஆகவே, பிரியும்போது உடன்படிக்கை எழுதும் பெற்றோர், பட்டப்படிப்போ தொழிற்கல்வியோ முடியும் வரையில் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை அதிலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நன்று. ஆண்டுதோறும் தொகை எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் ஏற வேண்டியிராது.

அயல் மாநிலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இவ்வாறு பிரிந்து நிற்கையில், அக்கம்பக்கத்துத் தமிழர் என்ன செய்யலாம்? குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறும் வேலையை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். அழைப்பாணையில் உள்ள வேற்றுமொழியைப் படித்துச் சொல்லலாம். சட்ட உதவி அலுவலகத்துக்குத் துணையாகச் சென்று வரலாம். தாய் மனுக் கொடுக்கப் போகும் நாளில் குழந்தைகளை மாலைவரை தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் செய்யாதிருத்தல் வேண்டும்: 'உன் அப்பா பணம் அனுப்பினாரா?' என்று குழந்தையிடம் கேட்பதை. அக்கணக்கு பெரியவர்களுக்கு உரியது. குழந்தையிடம் கேட்பதாயின், இன்று பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்போம். அக்கேள்விக்கு அது மகிழ்ச்சியோடு விடை சொல்லும் நிலையை உண்டாக்குவதற்காகவே இத்தனை சட்டங்களும் இருக்கின்றன.